சரசு துடைத்த தனக்கா

சரசு போயிட்டா...

காலையில் அவள் மகன் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டிருந்தான். இப்போதுதான் அவளைக் கடைசியாக வழியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் எனக்குப் பக்கத்து ஸ்டூல் சரஸ்வதி. பழைய ஃபிரெண்ட்ஸ் யாராவது பார்த்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

"நல்ல மனுஷி" என்று எல்லோரும் கமெண்ட் போடுவீர்கள். போடுங்கள். எனக்கு அவள் மேல் பொறாமை. இன்றைக்கும் தீரவில்லை.

இடுப்பு வரைக்கும் முடி. சொந்த வீடு, ரேஷன் கார்டு, தெருவுக்குத் தெரு சொந்தக்காரர்கள். நாங்களோ பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள். வீரபாண்டிப் பக்கம் ஓலைக் குடிசை. "பர்மாக்காரங்க"... அதுதான் எங்கள் அட்ரஸ்.

அறுபதுகளில் ஒரு வருஷம் காலரா பரவியது. ஊசி போடுகிறவர்கள் தெருத் தெருவாக வந்தார்கள், எங்கள் குடிசைகளுக்கு மட்டும் வரவில்லை. கார்டு இல்லாதவர்கள் கணக்கில் இல்லையாம். நோயைக் கப்பலில் கொண்டுவந்ததே நாங்கள்தான் என்றும் ஒரு பேச்சு.

என் தங்கை மீனாவுக்கு வாந்தி பேதி கண்டது. சின்னக் குழந்தை. உடம்பு குளிரட்டும் என்று அம்மா அவள் கன்னத்தில் தனக்கா பூசிவிட்டாள். பர்மாவில் மரப்பட்டையை அரைத்துப் பூசுவோமே, அந்த மஞ்சள் சாந்து. எங்களுக்குப் பவுடரும் அதுதான், மருந்தும் அதுதான்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த சரசு வழியில் பார்த்துவிட்டுக் கூடவே ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரி கேட்டில் நின்றவர் மீனாவின் முகத்தைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார். இந்த ஊரில் அம்மை கண்டால்தான் அப்படி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவார்கள். அம்மை கண்ட குழந்தையை உள்ளே விட முடியாது என்றார். நான் வாயைத் திறந்தால் பர்மா என்று தெரிந்துவிடும்.

சரசு என் கையிலிருந்து மீனாவை வாங்கினாள். தாவணி முனையால் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அம்மை இல்லீங்கண்ணா, பூசுன சாந்துங்க. பாருங்க, தோலு சுத்தமா இருக்குது. இது என்ற தங்கச்சிங்க."

விட்டுவிட்டார். ஆனால் கூட ஒருத்தர்தான் இருக்கலாமாம். அக்கா என்று சொன்னவள் உள்ளே போனாள். கூடப் பிறந்தவள் வெளியே வெயிலில் நின்றேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் சலைன் ஏறிக்கொண்டிருக்கிறது... மீனா கண் திறந்து பிடித்தது சரசுவின் விரலை. பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷம் ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம்.

அதற்கப்புறம் மீனாவுக்கு அக்கா என்றால் சரசுதான். என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கல்யாணப் புடவை எடுக்கும்போதுகூட, எதுக்கும் அக்காவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம் என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் சரசுவிடம் கேட்டே விட்டேன். உனக்குத்தான் எல்லாம் இருக்கே, என் தங்கச்சியும் வேணுமா என்று.

சிரித்தாள். "ஆஸ்பத்திரி கேட்டுல சொன்னதை இனி மாத்திச் சொல்ல முடியுமா புள்ள? பொய்யாயிருமல்ல."

சண்டை போடக்கூட விடமாட்டாள்.

இன்றைக்குச் சரசுவைக் குளிப்பாட்டி முடித்ததும் மீனா என்னிடம் வந்து, வீட்டில் தனக்கா இருக்கா என்று கேட்டாள். போய்த் தேடி எடுத்து வந்தேன். கல்லில் நான்தான் அரைத்துக் கொடுத்தேன்.

மீனா அதை சரசுவின் இரண்டு கன்னத்திலும் மெதுவாகப் பூசிவிட்டாள்.

எனக்கு அவள் ஒருநாளும் பூசிவிட்டதில்லை...

போயிட்டு வா சரசு.

மீனா அழுதுகொண்டே இருக்கிறாள். நீ கூப்பிட்டால் உடனே கிளம்பி வந்துவிடுவாள். கூப்பிடாதே... இனிமேலாவது அவளை எனக்கு விட்டுக்கொடு.