ஸ்வீ கிம் அக்கா சிம்னி வாங்கிய கதை

பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் பெலாச்சான் வறுபடும் வாசனை எழுந்தால், அது பக்கத்து வீட்டு ஸ்வீ கிம் அக்காவின் அடுப்பிலிருந்துதான். மிளகாயோடு அந்த இறால் விழுது சட்டியில் புரளும்போது, கொடியில் காயும் என் துணி வரைக்கும் காரம் ஏறிவிடும். எனக்குக் கோபம் வரும், கூடவே பசியும் வரும். தும்மிக்கொண்டே கதவைத் திறந்து வைப்பேன், அடுத்து வரப்போகும் குரலைக் கேட்பதற்காக.

"கொல்லப் பாக்குறியாடி?"

அக்காவின் கணவர் தெக் ஹின்னின் குரல் அது. துறைமுகத்தில் கத்திக் கத்தியே வேலை வாங்கிய மனிதர். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு மிஞ்சியது இந்த ஒரே பேச்சுதான். மற்ற நேரமெல்லாம் பால்கனியில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பார். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். மிளகாய்ப் புகை மூக்கில் ஏறினால் மட்டும் இருமிவிட்டுத் திட்டுவார்.

"சேந்தே போவோம், வா கிழவா!" என்று அக்கா அடுப்படியிலிருந்து சிரிப்பார். அவர்கள் குடும்பம் நடத்தும் அழகு அப்படி.

சமையலறையைப் புதிதாக்கித் தருகிறேன் என்று மகள் லே பெங் கிளம்பியபோதுதான் வினை ஆரம்பமானது. அலமாரி, அடுப்பு எல்லாம் முடிவாகி, சிம்னி மட்டும் பாக்கி.

"அப்பா இருமுறத பாக்க முடியலம்மா. இருக்கறதுலயே பலமானதா எடு" என்றாள். நியாயம்தான். போன மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தது.

கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வெளியே மழை தூறியது. உள்ளே வீடே இல்லாத சமையலறைகள் வரிசையாக நின்றன. தண்ணீர் வராத குழாய்கள், மெழுகில் செய்த மங்குஸ்தான், யாரும் உட்காராத நாற்காலிகள். அக்கா ஒவ்வொன்றிலும் விருந்துக்கு வந்தவர் மாதிரி நின்று, பளிங்கு மேடையை மெல்லத் தடவிப் பார்த்தார். எனக்குக் கண் சொக்கியது.

எங்கள் ஊரில் சிம்னி விற்பவன், அது எப்படி இழுக்கிறது பார் என்று காகிதத்தை அதில் ஒட்டவைத்துக் காட்டினால் ஒருத்தரும் நம்ப மாட்டோம். பெலாச்சானை வறுத்தே காட்ட வேண்டும். அந்தக் கடைக்காரப் பையனும் வறுத்தான். அலமாரிக்குள் ஒளிந்திருந்த சிம்னி, எழுந்த புகையைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டது.

"வாசனையே வரலியே" என்றார் அக்கா.

"அதான் ஆண்ட்டி இதுல விசேஷம்!"

"கொஞ்சம் வர விடுற மாதிரி ஒண்ணு கெடையாதா?"

"பொகை வேணும்னு சிம்னி வாங்க வந்த மொத ஆளு நீங்கதான் ஆண்ட்டி!"

"அம்மா, வெளையாடாத" என்றாள் லே பெங்.

அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்துச் சமையலறைக்குள் கூட்டிப் போனார். "இருமல் நின்னா அந்தத் திட்டும் நின்னுடும். அப்புறம் அந்த வீட்டுல எங்கூட பேச யாரு இருக்கா?"

வாயாடி என்று பேர் வாங்கியவள், அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்த அக்கா, பையனிடம் சொன்னார்: "இதையே போடு. அவருக்கு மூச்சு நல்லா இருந்தா போதும்."

சிம்னி மாட்டியதும் முதல் சமையலுக்கு என்னைக் கூப்பிட்டார். தனியாக இருக்கப் பயந்தார் என்று நினைக்கிறேன். பெலாச்சான் சட்டியில் விழுந்தது. புகை நூலாக எழுந்து மேலே மறைந்தது. பால்கனியில் இருமல்கூட இல்லை. அக்காவின் விரல் சிம்னியை நிறுத்தப் போனது. பிறகு தானாகவே இறங்கிக்கொண்டது. கடல்மேல் வெயில் அசையாமல் கிடந்தது.

"கிம்."

இருவரும் பால்கனிப் பக்கம் திரும்பினோம்.

"வாசனையே காணோம். இன்னிக்கு சோறு கெடையாதா?"

அக்கா கரண்டியோடு ஓடினார். "என்ன சொன்ன? என்ன சொன்ன நீ? இன்னொரு தடவ சொல்லு!"

அடுப்பை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. சட்டியில் மிளகாய் கருகியது எங்கள் மூக்குக்கு எட்டவே இல்லை.

தெக் ஹின் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எரிச்சல் வந்துவிட்டது அவருக்கு.

"செவிடாயிட்டியா? பசிக்குதுடி."