இடது ஓரத்தில் நிற்பவர்

லிஃப்ட் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அடித்தொண்டையில் ஒரே ஒரு சுரத்தை இழுக்கிறார். மோட்டாரின் ரீங்காரமும் அவர் குரலும் ஒட்டவில்லை என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மீட்டரைப் பையிலிருந்து எடுப்பது அதற்கு அப்புறம்தான், அதுவும் ஆபீசில் எழுதிக் கொடுப்பதற்காக. மொட்டை மாடியில் துணி காயப்போட வந்த அம்மாள் ஒருவர், பாடுகிறாரா ரிப்பேர் செய்கிறாரா என்று கேட்டார். "ரெண்டும்தாம்மா. இதுவும் பாடுது, நானும் பாடுறேன். யாரு தப்புன்னு பாக்குறோம்."

வயது ஐம்பது. நல்ல உயரம். சட்டையை எப்போதும் இடுப்புக்குள் அழுத்திச் செருகியிருப்பார். லிஃப்டில் ஏறினால், அது காலியாக இருந்தாலும், இடது மூலையில்தான் நிற்பார். ஆள் ஏற ஏற மோட்டாரின் குரல் கொஞ்சம் தாழும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டுப் பயந்தால், "எடை ஏறுதுல்ல, எறங்கத்தான் செய்யும். எறங்க விடலன்னா எரிஞ்சு போயிடும்" என்பார். தொழிலைப் பற்றி அவர் பேசும் அதிகபட்சப் பேச்சு அது.

முப்பது வருடங்களுக்கு முன்பு இவர் முகம் பள்ளி மாணவிகளின் நோட்டுப் புத்தக அட்டைகளில் ஒட்டியிருந்தது. ஒரே குடியிருப்பைச் சேர்ந்த நான்கு பையன்கள், எதிரொலி நன்றாக இருக்கிறது என்று மாடிப்படிக்கு அடியில் நின்று பாடிப் பழகினார்கள். மூன்றாவது மாடிக்காரர் இரண்டு முறை தண்ணீர் ஊற்றினார். கல்லூரிப் போட்டி, ரேடியோ, பிறகு ஆல்பம் என்று நாலே வருடத்தில் மூன்று ஆல்பங்கள். தண்ணீர் ஊற்றியவர் டிக்கெட் கேட்டு வீட்டுக்கு வந்தார். உச்சக் குரலுக்கு ஒருவர். ரசிகைகள் அவருக்கு வைத்த பெயர் ராக்கெட். நடுக்குரல்களுக்கு இரட்டையர். இடது ஓரத்தில் இவர். மற்ற மூவரும் குதித்து ஆடும்போது இவர் முழங்காலை மட்டும் மடக்கி நிமிர்த்துவார். பெயர் தூண்.

தூண் செய்த முக்கியமான வேலையைக் கூட்டம் பார்த்ததே இல்லை. கடைசிப் பாட்டுக்கு வாத்தியம் கிடையாது, நான்கு குரல் மட்டும். ராக்கெட் நடுவிலிருந்து நகர்ந்து இவர் பக்கத்தில் வந்து நின்று காதைச் சாய்ப்பார். தூண் உதடு பிரியாமல் சுருதியைக் கொடுப்பார். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். பிறவி ஞானம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு மின்சாரப் பெட்டி இருந்தது. அதன் ரீங்காரத்துக்கு மயிரிழை கீழேதான் அந்தப் பாட்டின் சுருதி. எந்த ஊர் மேடையிலும் ஸ்பீக்கரும் விளக்கும் அதே ரீங்காரத்தை எழுப்பும். தூண் அதைக் கேட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

ராக்கெட்டுக்கும் ஒரு ரகசியம் இருந்தது. உச்சிக்குப் போகும் இடத்தில் பயம். கை பின்னால் போய்த் தூணின் சட்டைப் பின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு சட்டை கிழிந்தது. குழுவுக்குத் துணி தைத்த பெண் கடைசியில் அந்த ஓரத்துக்கு இரட்டைத் தையல் போட்டாள். தூண் அவளைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகும் அவர் சட்டை எல்லாவற்றுக்கும் அந்த ஓரத்தில் இரட்டைத் தையல்தான் போட்டாள்.

பிரிந்தது ஒரே நாளில். ராக்கெட் தனியாகப் பாட ஒப்புக்கொண்டதை மற்ற மூவரும் பேப்பரில் படித்தார்கள். மத்தியானம் தூண் அவரிடம் நாலு வார்த்தை கடுமையாகப் பேசினார். மாலையில் மேடை. காலையில் விமானத்தில் வந்ததில் தூணுக்கு இரண்டு காதும் அடைத்திருந்தன. ரீங்காரம் கேட்கவில்லை. குத்துமதிப்பாகச் சுருதி கொடுத்தார். உச்சியில் ராக்கெட்டின் குரல் உடைந்தது, பல்லாயிரம் பேருக்கு முன்னால். திரைக்குப் பின்னால் ராக்கெட் சொன்னது ஒரே வாக்கியம்: "வேணும்னே ஏத்திக் குடுத்தடா நீ."

அது உண்மையா என்று தூணுக்கே தெரியவில்லை. காது அடைத்திருந்தது உண்மை. கோபம் இருந்ததும் உண்மை. லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்து இருபத்தாறு வருடம் மோட்டார்களோடு சுரம் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிந்த அன்றைக்கு நான்கு மைக்கையும் தனித்தனியாகப் பதிந்த டேப்பை மனைவி ஒலிப்பதிவுக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். போட்டுக் கேட்டாள். நீங்கள் கொடுத்தது சரிதான் என்று வருடத்துக்கு ஒரு முறையாவது சொன்னாள். "பொண்டாட்டி சொன்னா அது ஆறுதல். அதை எப்படிக் கணக்குல எடுக்குறது?" என்பார். டேப்பைத் தொடமாட்டார்.

போன வருடம் அவள் இறந்தாள். காய்ச்சல் என்று படுத்தாள், பதினோரு நாள். ராக்கெட் வந்தார். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், போய்விட்டார். இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்தும் இரட்டையர் அந்த ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நால்வரும் சேர்ந்து ஒரே ஒரு நிகழ்ச்சி. ராக்கெட் ஒரு நிபந்தனை போட்டார்: கடைசிப் பாட்டுக்குச் சுருதியைக் கம்ப்யூட்டர் கொடுக்கட்டும், எல்லோரும் இயர்போனில் வாங்கிக்கொள்ளலாம். தூண் சரி என்றார். அன்று சாப்பிடவில்லை.

தூணுக்கு ஒரே மகள். தொழிற்சாலைகளில் இரைச்சல் அளக்கும் வேலை. அம்மாவின் தையல் பெட்டிக்கு அடியில் டேப் கிடைத்தது, கூடவே வேறு மூன்று நிகழ்ச்சிகளின் டேப்பும். பழைய டேப் ஓடும் வேகம் மாறியிருக்கலாம், அதனால் சுரத்தை மட்டும் அளந்து பயனில்லை. ஆனால் நான்கு டேப்பிலும் மேடை ரீங்காரம் பதிவாகியிருந்தது. ரீங்காரத்துக்கும் அப்பாவின் குரலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தாள். நான்கிலும் ஒரே இடைவெளி. அன்றைக்கு உடைந்தது ராக்கெட்டின் தொண்டைதான்.

காகிதத்தை நீட்டியபோது தூண் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று முறை திரும்ப அளக்கச் சொன்னார். பிறகு ஷூவைக் கழற்றினார், ஆபீசுக்குப் போன் செய்து வரவில்லை என்றார், காலை பத்து மணிக்குப் படுத்தார். எழுந்தது மறுநாள்தான். எழுந்ததும் முதலில் சொன்னது: "உங்கம்மா சொன்னப்பவே நம்பியிருக்கலாம்." மகள் டீ போட்டுக் கொடுத்தாள். ராக்கெட் மாமாவுக்கு இதை அனுப்பிவிடட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம்மா. எனக்கு இப்பத்தான் தூக்கம் வருது. அவனுக்குக் கெடுத்து விடாதே."

காகிதம் நான்காக மடிந்து ஸ்பேனர் பைக்குள் போனது.

ஒத்திகைக்குப் பள்ளிக்கூட அரங்கம் ஒன்று கிடைத்தது. இரட்டையருக்கு மூச்சு வாங்கியது. ஒருவர் வாய் அசைத்தார், மற்றவர் பாடினார். யார் எது என்று வழக்கம்போல யாருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் பழைய சுருதியை அச்சுப் பிசகாமல் கொடுத்தது. உச்சி வரும் இடத்தில் ராக்கெட் ஒவ்வொரு முறையும் மைக்கை இறக்கி, தொண்டையைக் காப்பாற்றி வைக்கிறேன், மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தூண் அவர் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி போன மாதம் நடந்தது. முன்வரிசைகளில் அந்தக் காலத்து ரசிகைகள், பக்கத்தில் அவர்களுடைய அலுத்துப்போன கணவர்கள். தூணின் முழங்கால் மடக்கலுக்கு எழுந்த கூச்சலில் அவரே மிரண்டார். கடைசிப் பாட்டு வந்தது. விளக்கு மங்கியது. நால்வரும் நெருங்கி நின்றார்கள். இயர்போனில் சுருதி ஒலித்தது. யாரும் ஆரம்பிக்கவில்லை. ராக்கெட் தன் இயர்போனைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டார். மைக்கைத் தொடையோடு அழுத்திக்கொண்டு, இடது பக்கம் காதைச் சாய்த்தார்.

"குடுடா."

தூணும் தன் இயர்போனைக் கழற்றினார். ஸ்பீக்கரின் ரீங்காரம் தெளிவாகவே கேட்டது. அதைக் கேட்டுவிட்டு, அங்கிருந்து வழக்கத்தைவிட நன்றாகக் கீழே இறங்கி, உதடு பிரியாமல் சுரத்தைக் கொடுத்தார். இரட்டையரின் நான்கு புருவமும் ஒன்றாக ஏறின. ராக்கெட் திரும்பிப் பார்த்தார்.

"வேணும்னேதானே?"

"ஆமாண்டா. பாடு."

பாடினார்கள். குரல்கள் கனத்திருந்தன, ஆனால் ஒட்டின. முதல் அடி போயிற்று, இரண்டாவது போயிற்று. உச்சி நெருங்கும் இடத்தில் தூண் பாடிக்கொண்டே அரை அடி பின்னால் நகர்ந்து, இடது கையால் சட்டையின் பின் ஓரத்தை, அந்த இரட்டைத் தையலை, இடுப்பிலிருந்து வெளியே இழுத்துவிட்டார்.