சனிக்கிழமை வேண்டாம் என்றேன்

பயிற்சியின் முதல் நாளே எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் முட்டிக்கொண்டது. சாகப்போகிறவர் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள் அவள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சென்னையில் பிறந்து, படிக்கப் போன நாட்டிலேயே தங்கிவிட்டவள். மாமனார், மாமியார், கொழுந்தனார் என்று மூன்று பேரைப் படுக்கையில் வைத்துத் துடைத்து, கழுவி, ஊட்டி, கடைசியில் வாயில் பாலும் ஊற்றியவள் நான். எனக்குப் பாடம் எடுக்கிறாளாம்.

நான் அந்தப் பயிற்சிக்குப் போனதே ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்காக. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே திரும்பும் தெருவில், ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். பதினொரு வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டேன். அவர் நாட்டில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. சாமி தேடி வந்தவரும் இல்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்து, மலை பிடித்துப்போய்த் தங்கிவிட்டார். வாய் இருக்கிறதே வாய், அப்பப்பா. சாம்பாரில் உப்பு கம்மி என்றால் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போவார். நான் மட்டும் என்ன, மறுநாள் உப்பை அள்ளிக் கொட்டுவேன். என்னிடமே தமிழ் கற்றுக்கொண்டு என்னையே திட்டினார். பதினொரு வருடத்தில் நாலு முறை வேலையை விட்டு நின்றிருக்கிறேன். நாலு முறையும் மூன்றாம் நாள் என் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்கும்.

அவருக்குத் தலைக்குள் கட்டி என்று தெரிந்தது. அறுக்க முடியாத இடம். தேறாத நோயாளி தானே விரும்பிக் கேட்டால் டாக்டரே மருந்து கொடுத்து உயிரை முடித்துவைக்க அவர் நாட்டில் சட்டம் இருக்கிறது. இங்கே கிடையாது. அதனால் அங்கே எழுதிக் கேட்டார், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. கடைசி நிமிஷத்திலும் டாக்டர் கேட்கும்போது அவர் புத்தித் தெளிவோடு, தன் வாயால், வேண்டும் என்று சொல்ல வேண்டும். கட்டி வளர வளர முதலில் போகப்போவது பேச்சுதான் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பேச்சு போவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

கூட ஒரு ஆள் போக வேண்டும். ஊசி போடுகிற, மாத்திரை கொடுக்கிற ஆள் அல்ல. பக்கத்தில் இருக்கிற ஆள். அந்த ஆளுக்கு அங்கிருக்கும் ஒரு அமைப்பு பயிற்சி கொடுக்குமாம். என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட வைத்துவிட்டார். ஏன் என்னைக் கேட்கவில்லை என்று சண்டைக்குப் போனேன்.

"கேட்டா நீ மாட்டேன்னுவ," என்றார். "உன்னத் தவிர எனக்கு யாரு இருக்காங்க?"

அதற்குமேல் என்ன பேசுவது? ஆனால் ஊரில் எல்லாரும் பேசினார்கள். வீட்டுச் சொந்தக்காரர் மாடிப்படியில் வழிமறித்து, போலீஸ் கீலீஸ் என்று வந்தால் என்னைத்தான் கைகாட்டுவேன் என்று மிரட்டினார். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசியபோது, அது கொலை, நீ அதுக்குத் துணை போற, என்றார். எல்லாரையும்விட எனக்கு ஆத்திரம் வந்தது எதிர் விடுதிக்கு வரும் பக்தர்கள்மேல்தான். நினைத்தாலே முக்தி கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு சாவதற்கு விமானம் ஏறிப் போகிறார்களே, என்ன கர்மமோ என்று உச்சுக்கொட்டினார்கள். நினைப்பவர்கள் யாருக்கும் தலைக்குள் கட்டி இல்லை. அந்த அம்மா வலியில் சுவரில் தலையை முட்டிக்கொண்ட மத்தியானங்களை அவர்கள் பார்த்ததில்லை.

ஒரு விடுதியின் மாடி ஹாலில்தான் பயிற்சி. பெற்றோரைப் பார்க்க ஊருக்கு வந்த அந்தப் பெண் பத்து நாள் இங்கே தங்கி எடுத்தாள். நாங்கள் நாலு பேர். மற்ற மூவரும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்குச் சாகக் காத்திருக்கும் ஆள் யாரும் இல்லை. நல்ல மனசு, கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். எதற்கெடுத்தாலும் கண் கலங்கினார்கள்.

ஒருவர் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு பாயில் படுக்க வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் கையைப் பிடித்திருக்க வேண்டும் என்றாள். கட்டிய புருஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது நான் எதற்கு வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும், முடியாது என்றேன். அவள் கோபப்படவே இல்லை. உங்கள் உணர்வை மதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நோட்டில் எதையோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். கலாசாரத் தயக்கம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அவள் நினைக்கவில்லை. அன்று முழுக்க அவள் கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று மட்டுமே பதில் சொன்னேன்.

செய்யக்கூடாததுதான் பாடம் முழுக்க. வேண்டாம் என்று தடுக்கக்கூடாது. சீக்கிரம் என்று தள்ளக்கூடாது. சாமி, பாவம், புண்ணியம் எதையும் இழுக்கக்கூடாது. அவர் முன்னால் நம் அழுகையை வைத்துக்கொள்ளக்கூடாது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"முக்கியமா நாள். அவங்க எந்த நாள் சொன்னாலும் சரிதான். அதப் பத்தி நீங்க வாயே திறக்கக்கூடாது. அது அவங்களுக்கு மட்டுமே சொந்தமான விஷயம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாளில் என்ன இருக்கிறது, நான் ஏன் வாய் திறக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். தலையாட்டிவிட்டு வந்தேன். பத்தாம் நாள் ஒரு சான்றிதழ் கொடுத்தாள். அதை வாங்கி மடித்துப் பையில் செருகிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, நாள் குறித்துப் பதில் வந்தது. அந்த அம்மா கம்ப்யூட்டரைத் திருப்பி என்னிடம் காட்டினார். தேதி மட்டும்தான் போட்டிருந்தது. எழுந்துபோய்ச் சமையலறையில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் புரட்டினேன். கை தானாகப் போயிற்று. பெண் பார்க்கப் போனாலும், காது குத்தினாலும், போர்வெல் போட்டாலும் முதலில் காலண்டரைத்தானே பார்க்கிறோம். சாவுக்கு மட்டும் நாங்கள் நாள் பார்த்ததில்லை, ஏனென்றால் அது யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இது கேட்டுக்கொண்டு வருகிறது. பார்த்தேன். சனிக்கிழமை.

எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் சனிக்கிழமை சாவு என்றால் பயம். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் செத்தவர் வேண்டப்பட்டவர்களில் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்பார்கள். அதற்காகப் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள், துணைக்கு அதுவே போகட்டும் என்று. என் கொழுந்தனார் சனிக்கிழமைதான் செத்தார். வீட்டில் எல்லாரும் படித்தவர்கள், கோழியெல்லாம் எதற்கு என்றார்கள். நானும் அதற்குத் தலையாட்டினேன். பன்னிரண்டாம் நாள் என் தம்பி வேட்டவலம் ரோட்டில் வண்டியோடு லாரியில் போய் அடிபட்டுச் செத்தான். இருபத்தொன்பது வயது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, வயிற்றுக்குள் உட்கார்ந்துவிட்டதே.

அந்த அம்மாவின் நாட்டில் நான் கோழிக்கு எங்கே போவேன்? அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரப்போகிறவள் நான் ஒருத்திதான். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் இரண்டு பேர். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

"சனிக்கெழம மட்டும் வேணாம்மா."

ஏன் என்று கேட்டார். தம்பியைப் பற்றிச் சொன்னேன், கோழியைப் பற்றிச் சொன்னேன். கோழி என்றதும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கணக்கு டீச்சர் அல்லவா, ஏழு நாளில் ஒரு நாள், ஊரில் செத்தவர்களில் ஏழில் ஒருவர் சனிக்கிழமைதான் செத்திருப்பார், அப்படியானால் ஊரே காலியாகியிருக்க வேண்டுமே என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"உனக்குப் பயமா?"

ஆமாம் என்றேன்.

"பயந்துகினு என் பக்கத்துல ஒக்காராத. எனக்குப் பிடிக்காது," என்று சொல்லிவிட்டு அப்போதே கம்ப்யூட்டரில் எழுதி அனுப்பினார். நாளை மாற்றச் சொல்லி.

அங்கிருந்து பதில் வந்தது. அந்த டாக்டர் விடுமுறையில் போகிறார், அடுத்து கிடைக்கிற நாள் ஐந்து வாரம் தள்ளி. வியாழக்கிழமை. நான் மறுபடியும் காலண்டரைப் பார்த்தேன். நட்சத்திரம்கூட நன்றாக இருந்தது. திருப்தியாக அன்று அவருக்குப் பிடித்த கத்தரிக்காய் வறுவல் செய்துவைத்தேன். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பழைய சனிக்கிழமை வந்து போயிற்று. அன்று அவர் நன்றாக இருந்தார், மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பத்து நாள் கழித்துக் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தார். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எட்டாம் நாள் திரும்பி வந்தபோது ஒரு பக்கம் கை வரவில்லை, வார்த்தைகள் இடம் மாறிப்போயிருந்தன. தண்ணீர் என்பதற்குச் சாவி என்பார். இங்கிலீஷில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்து பாதியில் நிற்பார். சில காலைகளில் மட்டும் கொஞ்சம் தெளிவாக இருக்கும்.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், நாளை மாற்றச் சொன்னது நான்தான் என்பதையும் சேர்த்து. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாற்றியது அவர் எடுத்த முடிவு, நீங்கள் குற்ற உணர்ச்சியைச் சுமக்கத் தேவையில்லை என்று மெதுவாகச் சொன்னாள். போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. நல்லவேளை, எறியவில்லை. அவள்தான் டாக்டரிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்தாள். விமானம் ஏற்றுவதற்கு முன்னால் டாக்டர் வீடியோவில் பார்ப்பார். என்ன வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டால் படுக்கையோடாவது கூட்டிப்போகலாம். ஆனால் வேறு யாரும் குறுக்கே பேசக்கூடாது. கூட இருக்கிறவர் எடுத்துக்கொடுத்தால் அதோடு எல்லாம் முடிந்தது.

மூன்று காலை பார்த்து, தெளிவாக இருந்த ஒரு காலையில் அழைத்தோம். தலைவாரி, கண்ணாடி மாட்டி, தலையணை அண்டக்கொடுத்து உட்காரவைத்திருந்தேன். திரையில் ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் அந்தப் பெண். டாக்டர் பெயரைக் கேட்டார், சொன்னார். பிறந்த ஊரைக் கேட்டார், சொன்னார். உடம்புக்கு என்ன என்று கேட்டார். தலையைத் தொட்டுக் காட்டி, கட்டி என்றார். சரி, எங்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

அந்த அம்மா வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. ஒரு வார்த்தையும் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியும் அதற்குப் பதிலும் அவருக்கு நன்றாகத் தெரிந்தன, வார்த்தைதான் கிடைக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. எனக்குப் புரிந்தது. திரையில் இருந்தவருக்கு எப்படிப் புரியும்? கடைசியில் தமிழில் சொன்னார்.

"அவளக் கேளு. அவளுக்குத் தெரியும்."

அந்தப் பெண் அதை இங்கிலீஷில் டாக்டருக்குச் சொன்னாள். அப்போதுதான் அவள் குரல் முதல்முறையாக உடைந்து நான் கேட்டேன். டாக்டர் இன்னும் இரண்டு முறை கேட்டார். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடம் வாயை மூடாமல் அவரோடு சண்டை போட்டவள், அன்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசினாலும் போச்சு, பேசாவிட்டாலும் போச்சு. டாக்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். திரை அணைந்தது.

தலையணையை எடுத்து அவரைச் சாய்த்துப் படுக்கவைத்தேன். என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"சொல்ட்டியா?"

"சொல்ட்டேம்மா."

"எப்போ?"

"வியாழக்கெழம."

சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தார். கண் விழிக்கும் ஒவ்வொரு காலையும் இன்னிக்கி என்ன கிழமை என்று கேட்பார். ஒவ்வொரு காலையும் புதன்கிழமை என்று சொன்னேன்.