மைனாவுக்கு நற்சான்று வாங்கப் பெரியகுளம் போனது

1946 ஏப்ரல் 9, செவ்வாய். காலை 6.10.

உத்தமபாளையத்தில் பஸ் ஏறினோம். நான், என் தங்கை காமாட்சி, அவள் மடியில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் அவள் வளர்க்கும் மலை மைனா. தேனிக்கு இருபது மைல், ஆளுக்குப் பத்தணா. பெட்டிக்குத் தனியாக மூன்றணா கேட்டார் கண்டக்டர். மடியில் இருப்பதற்கு எதற்குக் காசு என்றேன்.

"மூச்சு விடுதுல்லங்கய்யா" என்றார்.

கொடுத்தேன். ஒரு மாதமாக அந்த மைனாவுக்காக நான் பட்ட பாட்டில் மூன்றணா பெரிதல்ல.

காமாட்சியின் கணவர் கொழும்பில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். கல்யாணமான நாற்பதாம் நாள் கப்பலேறினார். வீடு பார்த்து அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் யுத்தம் நெருங்கிவிட்டது. ஆறு வருஷமாகக் கடிதம்தான். கப்பலில் வந்தால் மண்டபம் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் நாட்கணக்கில் கிடக்க வேண்டும் என்று, இப்போது திருச்சியிலிருந்து விமானத்தில் வரச் சீட்டே அனுப்பிவிட்டார். ஏப்ரல் 12 பயணம். சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "மைனா இல்லாம நான் போகமாட்டேண்ணே."

விமானக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு பக்கத்தில் பதில் வந்தது. இரண்டாம் பக்கம் முழுவதும் பறவைக்கு. பெட்டி பதினெட்டு அங்குல நீளம். ஒரு பக்கம் மட்டும் கம்பிவலை. தண்ணீர்க் கிண்ணம் கூடாது, பழத்துண்டு போதும். பெட்டியில் முன்கூட்டியே பழக்க வேண்டும். நோயில்லை என்று கால்நடை வைத்தியரின் நற்சான்று வேண்டும். ஆசாரி முதலில் செய்த பெட்டி இரண்டடி இருந்தது. அடுத்ததில் காற்றுக்கு வழியில்லை. மூன்றாவது சரியாக அமைந்தது. அதற்குள் போக மைனா பத்து நாள் மறுத்தது. பிடித்து உள்ளே விடப் போன என் விரலில் இரண்டு இடத்தில் கொத்தியது. இரைச்சலுக்குப் பழகட்டும் என்று காமாட்சி அதைத் தினமும் அரிசி ஆலைக்குக் கொண்டுபோய் எஞ்சின் பக்கத்தில் வைத்திருந்தாள். அது எஞ்சினையே கற்றுக்கொண்டு, விடியுமுன் வீட்டில் ஓட்டத் தொடங்கியது. நான் பள்ளிக்கூட வாத்தியார். பையன்களுக்கு முன்னால் நாற்காலியில் தூங்கி விழுந்தேன்.

காலை 9.00. கரியில் ஓடும் பஸ் சின்னமனூரில் ஒரு முறை நின்று, தணல் கிளறி, ஒருவழியாகத் தேனி வந்தது. பெரியகுளத்துக்கு இன்னும் பத்து மைல். வேறு பஸ். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, எங்கே போகிறது என்று விசாரித்தாள்.

"கொழும்புக்கா? ஏத்தா, அங்கன மைனா கெடைக்காதா?"

"மைனா கெடைக்கும். இது கெடைக்காதுல்ல" என்றாள் காமாட்சி.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளை என்ன நெனைப்பாரு? ஆறு வருசங்கழிச்சுப் போறவ, பறவையத் தூக்கிட்டு வந்து நிக்கிறாளேன்னு சிரிக்கமாட்டாரா? அவருக்கு ஒரு வார்த்தை எழுதுனியா?"

அவள் வலையில் விரலை வைத்தபடியே சொன்னாள்: "எழுதலண்ணே. அவுகளோட நான் இருந்தது நாப்பது நாளு. போட்டோவப் பாத்தாத்தான் மொகமே நெனப்பு வருது. அந்த வீட்டுல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணாவது இருக்கட்டும்."

பெரியகுளம் வரும்வரை நான் மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

காலை 10.30. கால்நடை வைத்தியர் இல்லை. வடுகபட்டியில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது, போயிருக்கிறார் என்றார்கள். வேப்பமரத்தடியில், நான்கு எருமைகளுக்கு நடுவே, இரண்டு மணிவரை காத்திருந்தோம். வந்தவர் நல்ல மனிதர். மைனாவின் கண், இறக்கை, எச்சம் எல்லாம் பார்த்தார். மாட்டுக்குத்தான் அச்சடித்த பாரம் இருந்தது. "பசு" என்பதை அடித்துவிட்டு "மைனா" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனிக் கடிதத்தை ஒரு முறை புரட்டியவர் நிமிர்ந்தார்.

"பறவைக்கு எல்லாம் சரி. அம்மாவுக்குக் காலரா ஊசி போட்டாச்சுல்ல?"

எதற்கு என்றேன். முதல் பக்கத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். பயணிகள் ஊசி போட்டு ஆறு நாள் கழிந்திருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தை நான் தேதி பார்ப்பதற்காக ஒரே ஒரு முறை படித்திருந்தேன். இரண்டாம் பக்கம் எனக்கு மனப்பாடம். விமானத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. மைனா பறக்கலாம், காமாட்சி பறக்க முடியாது. அவளைத் திட்ட வாயெடுத்துவிட்டேன். கடிதம் என் பெயருக்கு வந்தது என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன்.

மாலை 3.30. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வலிக்கும் கையோடு அவள் பெட்டியைச் சுமந்து தபாலாபீசுக்கு என் பின்னால் வந்தாள். பயணத்தைப் பதினெட்டாம் தேதிக்கு மாற்றும்படி மாப்பிள்ளைக்குத் தந்தி எழுதினேன்.

"மைனாவோட வர்றேன்னும் போடுங்கண்ணே."

"அது எதுக்கு இப்ப?"

"வேணாம்னா இப்பவே சொல்லட்டும். அங்கன போயி எறங்கிக் கேக்குறதுக்கு, இங்கன இருந்து கேட்டுக்கிடறேன்."

நான் எழுதினேன்.

ஏப்ரல் 11, வியாழன். வீட்டுக்குத் தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன்: "தேதி மாற்றினேன். மைனா என்ன தின்னும்?"

"இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சற்று நேரம் சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு, "கொய்யாப்பழம்னு எழுதுங்க. வாழைப்பழமும் திங்கும். மெளகா ஆகாதுன்னு சொல்லுங்க" என்றாள். பங்குனி வெயிலில் மறுபடியும் தபாலாபீசுக்கு நடந்தேன்.

ஏப்ரல் 18. திருச்சி விமான நிலையத்தில் மைனாவின் நற்சான்றை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஊசிச் சீட்டை மட்டும் இரண்டு பேர் வாங்கிப் பார்த்தார்கள். கொழும்புக்கு ஒன்றரை மணி நேரமாம். எனக்குத் திண்டுக்கல்வரை ரயில். அங்கிருந்து வத்தலக்குண்டுக்கு ஒரு பஸ், பெரியகுளத்துக்கு ஒன்று, தேனிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. தேனி வழியாகப் போகும் போடி ரயில் பாதையின் தண்டவாளங்களை யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போனவர்கள் இன்னும் திருப்பிப் போடவில்லை. ஊர் வந்து சேர மறுநாள் மத்தியானமாயிற்று. மடியில் ஒன்றும் இல்லாமல் காலை நீட்டி உட்கார்ந்து வருவது தேனிவரை சுகமாகத்தான் இருந்தது. சின்னமனூர் தாண்டியதும் அதுவும் பிடிக்கவில்லை.