அம்மாவுக்குத் தனி ரூம்

லிஃப்ட் மெக்கானிக் மைக்செட்டுக்கு மெதுவாகப் பேச வராது. லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு மேல்மாடிக்குக் கேட்கும்படி கத்திக் கத்தியே உருவான தொண்டை அது. பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

கூட வேலை பார்க்கும் நண்பனுக்குக் கடற்கரை விடுதி ஒன்றில் கல்யாணம். வாண்டுகள் இரண்டையும் சித்தி தலையில் கட்டிவிட்டு, மைக்செட்டும் மனைவியும் புதுமணத் தம்பதி மிதப்பில் போய் இறங்கினார்கள்.

வரவேற்பறையில் நின்று, "அம்மா! பெட்டி சாவி உன்கிட்டயா இருக்கு?" என்று முழங்கினார். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து வீட்டில் அவள் அம்மா, இவர் அப்பா. சொந்தப் பெயர்கள் ரேஷன் கார்டோடு சரி.

வரவேற்பறைப் பெண் பரிவோடு கேட்டாள். "அம்மாவால மாடி ஏற முடியுமா சார்? கீழயே தனி ரூம் தரட்டுமா?"

மனைவி முறைத்த முறைப்பில் பச்சைத் தென்னையே பற்றி எரிந்திருக்கும். "இனிமே ஒரு தடவ அம்மான்னு கூப்பிடுங்க, நெசமாவே தனி ரூம்தான்!"

மாலையில் அவள் கடலோரமாக முன்னால் நடந்துகொண்டிருந்தாள். மைக்செட் தொண்டையைச் செருமி, கல்யாணமான புதிதில் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்லிக் கத்தினார். மொத்தக் கல்யாணக் கூட்டமும் திரும்பியது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மனுஷன் விடவில்லை, மறுபடியும் கத்தினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். "அப்பா! ஊரே பாக்குது, என்னதான் வேணும்?"

பக்கத்தில் நின்ற விடுதிப் பணியாள் பதறிப்போய், அப்பாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.