இசைத்தட்டின் சூடும் சவரிமுத்து மாஸ்டரும்

சவரிமுத்து மாஸ்டர் இறந்த செய்தி வந்தபோது நான் ஓர் இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் ரீட்டா உக்குவளையிலிருந்து பேசினாள். அழவில்லை. "அப்பா போயிட்டாரு அங்கிள். சண்ட போட்டுக்கிட்டே போயிட்டாரு" என்றாள்.

உக்குவளைச் சந்தியில் ஒரு கிழவி பஸ்ஸில் கால் வைத்து ஏறும்போதே சாரதி பஸ்ஸை எடுத்திருக்கிறான். கிழவி கம்பியைப் பிடித்தபடி இழுபட்டிருக்கிறாள். மாஸ்டர் ஓடிப்போய் பஸ்ஸின் முன்னால் நின்று, முன்கண்ணாடியில் ஓங்கிக் குத்தினாராம். கண்ணாடி சிலந்திவலைபோல் வெடித்தது. சாரதி இறங்கி வருவதற்குள் மாஸ்டர் நடுவீதியில் சரிந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய இதயம் அந்த ஒரு குத்தோடு நின்றுவிட்டது. கை மட்டும் முஷ்டியாகவே இருந்ததாம். "வெரலப் பிரிச்சுத்தான் செபமாலய வச்சோம்" என்றாள் ரீட்டா.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுதித் தரவேண்டும் என்று பழைய மாணவர்களாகிய நீங்கள் கேட்டீர்கள். என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டீர்கள். காரணம் எனக்குத் தெரியும். சவப்பெட்டியை எடுப்பதற்குச் சற்று முன்னர், நீங்கள் வாடகைக்குக் கொண்டுவந்து வைத்திருந்த ஒலிபெருக்கியை நான் காலால் உதைத்துத் தள்ளினேன். பணியில் இருந்த காலமெல்லாம் கணக்குப் படிப்பித்து, ஒரு பிள்ளையின் காதைக்கூடத் திருகாத ஆள் நான். கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அன்று விளக்கம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். கணக்கைப்போல் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்லவரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் அடிப்பார். இதை மறைத்து எழுதினால் வாசிக்கும் உங்கள் முதுகுகளே சிரிக்கும். உடற்கல்வி ஆசிரியர் என்ற பெயரில் மைதானத்தில் ஒரு பிரம்போடு நின்ற புயல் அவர். அடித்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அவருடைய கோபத்தில் ஒரு விநோதம் இருந்தது. ஒருநாள் சங்கீத ரீச்சர் ஆசிரியர் அறையில் பாடசாலைக் கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். முறுக்கிய கம்பி ஒன்று அறுந்து தெறித்தது. சின்னச் சத்தம்தான். மறுகணம் மாஸ்டர் உட்கார்ந்திருந்த கதிரை பறந்துபோய்க் கண்ணாடி அலுமாரியில் மோதியது. கண்ணாடி முழுக்கக் கொட்டியது. ரீச்சர் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். சற்று நேரத்தில் மாஸ்டரே தும்புத்தடியை எடுத்துவந்து கூட்டினார்.  இந்த மனிதருக்கு இசையென்றாலே ஆகாது என்று அன்றைக்கு நாங்கள் எல்லோரும் முடிவு கட்டினோம்.

அந்த முடிவு பிழை. ஓய்வு பெற்ற பிறகு, உக்குவளையில் அவருடைய அடுத்த வீட்டுக்காரரான நிசாம் நானாவின் வீட்டில் நாங்கள் மூவரும் ஞாயிறு பின்னேரங்களில் கூடினோம். நானா கறுவா, ஏலம் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். அவரிடம் இசைத்தட்டுச் சுழலியும் இறுவட்டு இயக்கியும் நல்ல ஒலிபெருக்கிச் சோடியும் இருந்தன. நாங்கள் கேட்டது தனிக் கிட்டார் மட்டும். மின்சாரம் இல்லாத, மரமும் கம்பியும் நகமும் மட்டும் பேசுகிற கிட்டார். என் ஊரான அலுவிகாரையிலிருந்து நான் இசைத்தட்டுகளைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவேன். மாஸ்டர் கொண்டுவருவது இறுவட்டு மட்டும். அந்தச் சொல்லையும் அவர் விட்டுவைக்கவில்லை. "இறுவட்டா? பல்லு கொட்டினவன் பேசுற மாதிரி இருக்கு சார். சீடின்னு சொல்லுங்க."

எங்களுக்குள் தீராத வழக்கு அதுதான். கிட்டாருக்கு எது உண்மை? என் பக்கத்தை நான் இப்படி வைப்பேன்: இசைத்தட்டில் கம்பியின் ஓசைக்குப் பின்னால் மரப்பெட்டியின் மூச்சுக் கேட்கிறது. விரல் கம்பியில் வழுக்கும் சிறு கீச்சொலியும் உடம்போடு வருகிறது. இறுவட்டிலோ ஒவ்வொரு சுரமும் சவரக்கத்தியால் நறுக்கியதுபோல் தனித்தனியாக விழுகிறது. எதிர்ப்பக்க நியாயங்களும் எனக்குத் தெரியும். தட்டின் நடுத்துளை கொஞ்சம் விலகியிருந்தால் நீளும் சுரம் ஆடும். உள்வட்டத்தில் ஒலி கலங்கும். கிட்டார் மெல்லிய இசை என்பதால் தூசியின் பொரிபொரிப்பை மறைக்க அதில் இடமே கிடையாது. எங்கள் மாத்தளை ஈரத்தில் தட்டுக்குப் பூஞ்சணமும் பிடிக்கும். இத்தனையும் தெரிந்துகொண்டே நான் இசைத்தட்டின் பக்கம் நின்றேன். ஆங்கிலச் சஞ்சிகைகளில் அதன் இனிமைக்கு ஒரு சொல் உண்டு. இதம், வெதுவெதுப்பு என்றெல்லாம் யோசித்துவிட்டு, சுருக்கமாகச் 'சூடு' என்று எங்கள் பேச்சில் அதைக் கொண்டுவந்தவன் நான்தான். தட்டில் சூடு இருக்கிறது, இறுவட்டில் இல்லை என்பேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே மாஸ்டர் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். வாதத்தில் தோற்றுத்தான் போகிறார் என்று எண்ணினேன்.

"கணக்கு சார், ஒங்க காதுக்கு எப்ப பென்ஷன் குடுத்தாங்க?" என்று அவர் கேட்டபோது எனக்கு ரோசம் வந்தது. வாழ்க்கையில் அபூர்வமாக வந்த ரோசம். சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். ஒரே கலைஞர், ஒரே வாசிப்பு, தட்டிலும் இறுவட்டிலும் இருந்தது. நானாவின் வீட்டுக் கட்டில் விரிப்பைத் திரையாகக் கட்டினேன். இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்தினேன். உரத்து ஒலிப்பதைக் காது நல்லது என்று நம்பிவிடும் அல்லவா? தட்டைக் கழுவி நிழலில் உலர்த்தினேன். பொரிபொரிப்பை வைத்து மாஸ்டர் கண்டுபிடித்துவிடக்கூடாது என்பது என் எண்ணம்.

நிசாம் நானா, "சோதிச்சுப் பாக்க இது என்ன சோதினை மண்டபமா சேர்? மனிசன் வேணாமுங்குறாரு, விடுங்களேன்" என்றார். நான் விடவில்லை.

முதலில் இறுவட்டு. மாஸ்டர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்படி அமைதியான முகத்தைப் பாடசாலையில் ஒருநாளும் நான் கண்டதில்லை. அடுத்தது தட்டு. தொடக்கம் சுத்தமாக இருந்தது. அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று எனக்குள் ஒரு குதூகலம். நடுவில், கழுவியும் போகாத ஒரு கீறலில் முள் ஏறியது. பட், பட் என்று தெறித்தது. அதன் பின்னால் மெல்லிய பொரிவு எழுந்தது. நான் திரைக்கு இந்தப் பக்கம் வந்து, வெற்றிக் களிப்பில், "மாஸ்டர், இப்ப சூடு தெரியுதா?" என்றேன்.

விரிப்புக் கிழிந்த சத்தம்தான் முதலில் கேட்டது. முள் பாடிக்கொண்டிருக்கும்போதே தட்டைப் பிய்த்து எடுத்தார். மேசை விளிம்பில் ஓங்கி அடித்தார். மீண்டும் அடித்தார். கையில் மிஞ்சிய துண்டைச் சுவரில் எறிந்தார். ஒரு சில்லு பறந்துவந்து உதட்டுக்குக் கீழே என் நாடியைக் கிழித்தது. சட்டை நனைவது தெரிந்தது. வலி பிறகுதான் தெரிந்தது. அவர் என் கழுத்துப்பட்டியைப் பிடித்துச் சுவரோடு தள்ளினார்.

"சூடு. சூடுன்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

அதுவரை அவர் என்னை 'ஒங்களுக்கு' என்றுதான் பேசியிருக்கிறார். அந்த ஒருமை, கழுத்தில் இருந்த கையைவிட என்னைப் பயமுறுத்தியது. பிறகு அவர் இரத்தத்தைக் கண்டார். பிடி தளர்ந்தது. சட்டைப்பையிலிருந்த தன் லேஞ்சியை மடித்து என் நாடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே முச்சக்கரவண்டியில் ஏற்றினார். மாத்தளை ஆஸ்பத்திரி வரைக்கும் சாரதியை ஏசிக்கொண்டே வந்தார்.

தையலுக்காக வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோதுதான் அவர் சொன்னார். தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் எரித்த கலவரத்தின்போது அவர்கள் குடும்பம் மாத்தளை நகரில் இருந்தது. கீழே அண்ணன் தோமஸின் தையல் கடை, மேலே வீடு. கிட்டார் தோமஸுடையது. அன்று கும்பல் தெருமுனைக்கு வந்தபோது, பின்வீட்டுச் சிங்களப் பெண்ணான மெனிக்கே, சவரிமுத்துவையும் தாயையும் தன் விறகுக் கொட்டிலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். தோமஸ் கடைக் கதவைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று போனவன் வரவில்லை. அவனை மேலே விரட்டிவிட்டுக் கீழே எண்ணெய் ஊற்றினார்கள். சவரிமுத்து வெளியே பாயப் பார்த்தார். மெனிக்கே அவர்மேல் விழுந்து வாயைப் பொத்தினாள்.

"அந்தம்மா கையக் கடிச்சேன் சார். சதையோட வந்திச்சு. அப்பவும் விடல்ல. சத்தம் போட்டா எல்லாரும் சாவோம்னு அதுக்குத் தெரியும். அண்ணன் கத்துனது கொஞ்ச நேரந்தான். பொறகு கூரை பொரியிற சத்தம் மட்டும். அதுக்குள்ள அந்தக் கிட்டார் கம்பி... ஒவ்வொண்ணா அறுந்திச்சு. அவன் வாசிக்கிற மாதிரியே இருந்திச்சு சார்."

  தாதி என்னைக் கூப்பிட்டபோது அவர் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கிட்டார் கேக்காம என்னால இருக்க முடியாது. அது ஒண்ணுலதான் அவன் இருக்கான். ஒங்க ரெக்கோட்டுல அவன் எரியிறான். சீடியில எரியல. அவ்வளவுதான் வித்தியாசம்."

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் இறுவட்டு மட்டும்தான். தட்டு உடைந்ததைப் பற்றி நானா பேசவே இல்லை. கிழிந்த விரிப்பை மாஸ்டரே தைத்துக் கொடுத்தார். தையல்காரனின் தம்பியல்லவா, தையல் நேர்த்தியாக இருந்தது. ஒரு வழக்கமும் உண்டானது. கடைசிச் சுரம் அடங்கியதும் மாஸ்டர் முஷ்டியை மேலே உயர்த்துவார். அது இறங்கும் வரைக்கும் யாரும் பேசக்கூடாது. நானா ஒருமுறை இருமிவிட்டு, அடி விழுமோ என்று தலையைக் குனிந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இனி அந்த இறுதிச் சடங்கு நாள். மாஸ்டருக்குக் கிட்டார் பிடிக்கும் என்று ரீட்டா சொன்னதைக் கேட்டு, நீங்கள் கைபேசியில் தேடி ஒரு கிட்டார் இசையைப் போட்டீர்கள். நல்ல வாசிப்பு. உங்கள் அன்பில் குறை இல்லை. ஆனால் அதில் பழைய இசைத்தட்டின் பொரிவை யாரோ வேண்டுமென்றே கலந்திருந்தார்கள். இப்போது அது ஒரு நாகரிகமாம். உங்களில் ஒருவர் பெருமையாக என்னிடம் வந்து, "சார், பழைய ரெக்கோட் எஃபெக்ட், கேட்டீங்களா?" என்றார். தூசியும் கீறலும் இல்லாத இடத்தில், தேடிப்போய் நெருப்பைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் பெரிய ஒலிபெருக்கிகளில் ஏறி, பிணத்தின் தலைமாட்டில் பொரிந்தது.

நான் எழுந்திருக்கத் துணியவில்லை. இறந்தவருக்குக் காது கேட்காது, சபையில் ஏன் கலகம் என்று எனக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எதிர்ச் சுவரோரம் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த கிழவியைக் கண்டேன். அவள் வலது கையை இடது கையால் மூடி மூடித் தடவிக்கொண்டிருந்தாள். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. விரல்கள் விலகியபோது பெருவிரலுக்குக் கீழே சதை குழிந்த தழும்பு தெரிந்தது. யாரும் சொல்லாமலே எனக்கு விளங்கியது. அவள் நிமிர்ந்து, அந்தக் கூட்டத்தில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆளான என்னைப் பார்த்தாள். "மஹத்தயா, ஏக்க நவத்தன்ன" என்றாள். அதை நிறுத்துங்கள் என்றாள்.

நிறுத்தும் பொத்தான் எங்கே என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் நீங்கள் காட்டியிருப்பீர்கள். கேட்பதற்குள் இன்னும் கொஞ்சம் பொரிந்திருக்கும். உதைத்தேன். ஒலிபெருக்கி கவிழ்ந்து, கம்பி பிடுங்கிக்கொண்டு, சத்தம் நின்றது. நிலைதடுமாறி நானும் விழுந்தேன். என்னைத் தூக்கிவிட்டவர் நிசாம் நானா. "மாஸ்டர் பாத்திருந்தா மார்க் போட்டிருப்பாரு சேர்" என்று காதுக்குள் சொன்னார்.

வீட்டில் தனியாக நான் இப்போதும் இசைத்தட்டுத்தான் கேட்கிறேன். கிட்டாருக்கு அதுவே உண்மை என்பது என் காதின் தீர்ப்பு. அந்தக் காதை நான் முழுக்க நம்புவதில்லை என்பது வேறு விஷயம். 'சூடு' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். சவரம் செய்யும்போது நாடித் தழும்பில் கத்தி கொஞ்சம் தயங்கும். அது அவர் தந்தது. அதையும் வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு உக்குவளைக்குப் போனேன். மூன்றாவது கதிரையை நானா கொண்டுவந்து போடவில்லை. "இனி ரெக்கோட்டே போடலாமே சேர், ஆள் இல்லியே" என்று மெதுவாகச் சொன்னார். நான் மாஸ்டரின் இறுவட்டைப் போட்டேன். அந்தச் சோதனையில் அவர் கண்ணை மூடிக் கேட்ட அதே வாசிப்பு. கடைசிச் சுரம் நீண்டு, மெலிந்து, அடங்கியது. அதற்குப் பிறகு ஒரு பொரிவும் இல்லை. நானா ஏதோ சொல்ல வாய் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். என் கை தலைக்கு மேலே இருந்தது. விரல்கள் இறுக மூடியிருந்தன.