தெரியுது அத்தை

தீபத்தன்று சாயங்காலம் எங்கள் ஊர் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கொள்ளும். மலையடிவாரத்து வேங்கிக்காலில் எங்கள் தெருவே மொட்டை மாடிகளில்தான் நிற்கும். அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வைத்திருப்போம். ஆனால் மலை உச்சியில் சுடர் கண்ணில் படாமல் ஒருவரும் ஏற்ற மாட்டோம், வீட்டு லைட்டைக்கூடப் போட மாட்டோம். அந்த அரையிருட்டில் எதிர்வீட்டுக்காரர்கள்கூடக் கனவில் வந்தவர்கள் மாதிரித் தெரிவார்கள். வருஷத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அது.

அந்த வருஷம் மலையைக் காணோம். மத்தியானத் தூறல் விட்டதும் மேகம் இறங்கி, மலையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

என் மாமியார் நாற்காலியில் அமர்ந்து அந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வெறும் தண்ணீர்தான். தீபம் பார்த்த பிறகே சாப்பாடு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை. இப்போது உடம்பில் சர்க்கரை. போதாக்குறைக்கு, எனக்குத் தெரியாமல் வழக்கமான மாத்திரையை வேறு போட்டுவிட்டிருந்தார். சாப்பிடாமல் அந்த மாத்திரை போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கோயில் பக்கமிருந்து வெடிச் சத்தமும் அரோகராவும் கேட்டன. ஏற்றிவிட்டார்கள். மேகம் அசையவில்லை.

"அம்மா, போன்ல லைவ் வருது பாரு. நல்லா எரியுது. சாப்டும்மா," என்றார் என் கணவர்.

"போன்ல சோறு காமிச்சா உனக்கு வயிறு ரொம்பிடுமா?"

அவர் என்னைத் தனியே இழுத்தார். "அம்மாவுக்குக் கண்ணுல புரை. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ தெரியுதுனு சொல்லிடு. நெஜமாவே எரியுதில்ல? இதுல பொய் எங்க இருக்கு?"

கணக்கு சரிதான். எங்கள் வீட்டில் அறிவாளிப் பட்டம் எனக்குத்தான். அவர் சொல்லாத நியாயங்களையும் நானே சேர்த்துக்கொண்டேன். யாருக்கும் நஷ்டமில்லை, ஓர் உயிர் பிழைக்கும். எல்லாம் சரி, வாய் மட்டும் திறக்கவில்லை. காய்கறிக்காரரிடம் கூசாமல் புளுகுகிற வாய்! இத்தனை சுலபமாக யோசனை சொன்ன மனுஷன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

நாற்காலி அருகே குனிந்து மாமியாரின் கையைத் தொட்டேன். சில்லென்று வியர்த்திருந்தது. விரல்கள் நடுங்கின.

"தெரியுது அத்தை! அதோ, உச்சியில தெரியுது!"

யோசித்துச் சொல்லவில்லை. அத்தனை நியாயங்களாலும் திறக்க முடியாத வாயைப் பயம் திறந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது.

மாமியார் என் பக்கம் திரும்பினார். பிறகு தெருவைப் பார்த்தார். மேகத்தை நோக்கிக் கைகூப்பிவிட்டு வாயைத் திறந்தார். பொரி உருண்டையை உடைத்து ஊட்டினேன். வெல்லம் உள்ளே போகப் போக நடுக்கம் நின்றது. அவர் தோளில் சாய்ந்து அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

திடீரென்று தெருவே கூவியது. மேகம் விலகி, உச்சியில் நிஜமாகவே சுடர் நின்றது. மாடிக்கு மாடி விளக்குகள் ஏறின.

"இப்பதான் தெரியுதா?" என்றார் மாமியார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தீபம் தெரிஞ்சா தெருவே விளக்கேத்தும். நீ சொன்னப்ப ஒரு வீட்லயும் ஏத்தலையே. புரை விழுந்த கண்ணுக்கு அதுகூடவா தெரியாது?"

"தெரிஞ்சுமா அத்தை சாப்டீங்க? இத்தனை வருஷ விரதத்த..."

"அழுதுட்டியே. அப்புறம் என்னா பண்றது?" என்று தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். "ஏத்து. நம்ம வீடு மட்டும் இருட்டா கெடக்குது."